சாலைத் தகுதி ஆய்வு: கருவி எதை அளக்கிறது, வண்டி எதில் தவறுகிறது

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டிக்கு வாட்டர் வாஷ் செய்து, கீறலுக்கு டச்சப் அடித்து, சீட் கவர் மாற்றி அனுப்புவது பலருக்கு வழக்கம். ஆய்வுக் கூடத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே அளவுக்கு பிரேக் பிடிக்கின்றனவா, மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா, ஹெட்லைட் எந்தக் கோணத்தில் அடிக்கிறது, சைலன்சர் வழியாக என்ன வெளியேறுகிறது என்பதைத்தான் அங்கே அளக்கிறார்கள். நான்குமே வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாதவை. மெல்ல மெல்லக் கெட்டுப்போவதால் ஓட்டும் கை அதற்குப் பழகியும் விடுகிறது. நன்றாக ஓடுகிற வண்டி ஆய்வில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. எஞ்சின் எண்ணெய் குடிப்பதையோ, கிளட்ச் தேய்ந்திருப்பதையோ, கியர் விழச் சிரமப்படுவதையோ இந்த ஆய்வு கண்டுகொள்ளாது. எதையும் கழற்றிப் பார்க்கும் அதிகாரமும் பொதுவாக ஆய்வாளருக்கு இல்லை. சான்றிதழ் என்பது அன்றைக்கு, அந்த நேரத்தில், அந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும் சரியாக இருந்தன என்பதற்கான தாள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிட்டு, "இப்பதான் எஃப்.சி. முடிஞ்சுது" என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

நாள் குறிப்பது

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு உத்தரவு, கார்களுக்குக் குறைந்தபட்சமாக நான்காம் ஆண்டில் முதல் ஆய்வும் பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் வேண்டும் என்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதுக் காருக்கு 3 ஆண்டு, அதன்பின் 2 ஆண்டுக்கு ஒருமுறை. சிங்கப்பூரில் 3 வயது முதல் 10 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். பிரிட்டனில் எம்.ஓ.டி. எனப்படும் இதே ஆய்வு 1960இல் வந்தபோது 10 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே இருந்தது. தோற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வயதை 7 ஆக்கினார்கள், 1967இல் 3 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் வாடகை, சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும். சொந்தக் காருக்கோ 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் முதல் ஆய்வு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. 15 ஆண்டு யாரும் அடியில் படுத்துப் பார்க்காத காரில் துருவும் தேய்மானமும் ஒரே நாளில் மொத்தமாகத் தெரியவரும் என்பதை அப்படிப்பட்ட உரிமையாளர் எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

கெடு முடிவதற்கு 6 வாரம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. முதல் வாரத்தில் நாமே பார்ப்பது, அடுத்த 2 வாரத்தில் பழுது நீக்குவது, அதன்பின் ஆய்வு. தோற்றால் திருத்திக்கொண்டு மறுபடி போக இன்னும் 2 வாரமாவது கையில் இருக்கும். கடைசி நாளுக்கு முன்பதிவு செய்து தோற்கிறவர்தான் அவசரத்தில், கேட்ட விலைக்கு, கிடைத்த இடத்தில் வேலை பார்க்க நேரிடுகிறது. முன்கூட்டியே போனால் நாட்கள் வீணாகுமே என்ற கவலைக்குச் சில நாடுகளில் வழி இருக்கிறது: பிரிட்டனில் கெடு தேதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலம் முன்னதாகச் செய்தாலும் அடுத்த கெடு பழைய தேதியிலிருந்தே கணக்காகும். தாமதித்தால் சலுகை இல்லை. ஜெர்மனியில் கெடு தாண்டி 2 மாதத்துக்குமேல் போனால் விரிவான ஆய்வும் கூடுதல் கட்டணமும் வரும். உங்கள் ஊர் விதி எப்படியிருந்தாலும், காலாவதியான சான்றோடு ஓடிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.

எங்கே கொண்டுபோவது என்பதும் யோசிக்க வேண்டியது. சில நாடுகளில் ஆய்வு செய்கிறவருக்கும் பழுது பார்க்கிறவருக்கும் தொடர்பே இருக்காது. ஜெர்மனியின் டூஃப், டெக்ரா நிலையங்கள் அப்படித்தான். பிரிட்டனில் ஒரே ஒர்க்‌ஷாப் ஆய்வும் செய்யலாம், பழுதும் பார்க்கலாம். இரண்டாவது வகையில் வசதி அதிகம், சந்தேகமும் அதிகம். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் சொந்த வண்டிகளுக்காக நடத்தும் ஆய்வு நிலையங்கள் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும். பழுது வேலை பிடிக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லாததால் முடிவை நம்பலாம்.

பிரேக்: இரண்டு முட்களுக்கு இடையிலான தூரம்

அதிகம் புரிந்துகொள்ளப்படாத சோதனை இது. தரையில் பதித்த உருளைகள்மீது முன் சக்கரங்கள் ஏறி நிற்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு உருளைகள். மோட்டார் அவற்றை மெதுவாகச் சுழற்றும், ஆளின் நடை வேகம்தான் இருக்கும். ஆய்வாளர் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். திரையில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு முட்கள் ஏறும். அவர் பார்ப்பது முள் எவ்வளவு உயரம் போனது என்பதை மட்டுமல்ல. இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா, காலை எடுத்ததும் சேர்ந்து இறங்குகின்றனவா என்பதையும்தான்.

இடது சக்கரம் 240 கிலோ விசை, வலது 150 என்று வைத்துக்கொள்வோம். 150 என்பது 240இல் 62.5 சதவீதம். ஐரோப்பிய விதிப்படி ஒரே அச்சில் பலவீனமான சக்கரம் மற்றதன் விசையில் 70 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். எட்டவில்லை, வண்டி தோற்றது. முன் அச்சில் இது 50 சதவீதத்துக்கும் கீழே போனால் ஆபத்தான குறை என்றே எழுதிவிடுவார்கள். இத்தனைக்கும் சாலையில் அந்த வண்டி ஒழுங்காகத்தான் நின்றிருக்கும். ஸ்டீயரிங் லேசாக இடது பக்கம் இழுப்பதை ஓட்டுகிறவரின் கை தன்னையறியாமல் சரிசெய்துகொண்டே வந்திருக்கும்.

முட்களின் போக்கே காரணத்தையும் சொல்லும். ஒரு முள் தாமதமாக ஏறினால் அந்தப் பக்கக் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். காலை எடுத்த பிறகும் முள் இறங்காமல் நின்றால் பிஸ்டன் திரும்பவில்லை. அழுத்தம் மாறாமல் இருக்கும்போது முள் மேலும் கீழும் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, டிரம்மானால் வட்டம் கெட்டிருக்கிறது. பின் சக்கரத்தில் விசையே வராமல் போனால் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதெல்லாம் தெரியாமல் நான்கு சக்கரத்துக்கும் புது பேட் போட்டுச் செலவழிப்பது நடக்கிற கதைதான். ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவினாலே தீர்ந்திருக்கும்.

மொத்த விசைக்கும் அளவு உண்டு. எல்லாச் சக்கரங்களின் விசையையும் கூட்டி வண்டியின் எடையால் வகுப்பார்கள். பிரிட்டனில் 2010 செப்டம்பருக்குப் பின் பதிவான கார்களுக்கு 58 சதவீதம் வேண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு 50, ஹேண்ட் பிரேக்குக்கு 16. 1,200 கிலோ காரென்றால் காலால் 696 கிலோ விசையும் கையால் 192 கிலோ விசையும் வர வேண்டும். கேபிள் துருப்பிடித்துப் போனதால் ஹேண்ட் பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் சகஜம். பார்க்கிங்கில் போட்டாலே நிற்கிறது என்று பலர் லீவரைத் தொடுவதே இல்லை.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடலைத் தொட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலையே இருப்பதில்லை. பேட் தேயாது, டிஸ்க் துருப்பிடிக்கும். ஆறு மாதம் நிறுத்திவைத்த பெட்ரோல் காருக்கும் இதே கதிதான். ஆய்வுக்கு முந்தைய வாரம் ஆளில்லாத சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழெட்டு முறை நன்றாக அழுத்தி நிறுத்தினால் மேல் துரு உதிர்ந்துவிடும். மின்சாரக் காரானால் அதற்குமுன் மீட்பு பிரேக்கின் (மோட்டாரே வேகத்தைக் குறைப்பது) அளவை ஆகக் குறைந்த நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முயற்சியும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. துரு குழி விழுந்திருந்தால் இது உதவாது, டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

நிரந்தர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை ஒரே ஓர் அச்சைச் சுழற்றும் உருளையில் ஏற்றினால் கியர் அமைப்பு கெடும். முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவற்றைச் சாலையில் ஓட்டி வேகத் தணிப்பை அளக்கும் கருவியால் சோதிப்பார்கள்.

அடியில் என்ன ஆடுகிறது

உருளையை அடுத்து வண்டி குழிக்குமேல் நிற்கும், அல்லது லிஃப்டில் ஏறும். சக்கரங்களுக்கு அடியிலுள்ள தகடுகள் ஹைட்ராலிக்கில் இப்படியும் அப்படியும் அசையும். ஆய்வாளர் கீழே லைட்டோடு நின்று எந்த மூட்டில் இடைவெளி விழுகிறது என்று பார்ப்பார். வீட்டில் இதை ஓரளவு செய்துபார்க்கலாம். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கிவைத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டவே கூடாது), சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் மூட்டு). எது என்று பிரித்தறிய, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் தண்டின் முனை). டை ராட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதை விட்டுவிட்டால் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஓரம் தேய்ந்துவிடும்.

மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிசலைக் கண்டு மலைக்க வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். ட்ரைவ் ஷாஃப்ட் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உட்பக்கம் தெறித்திருந்தால் இப்போது மாற்ற வேண்டியது பூட் மட்டும். மண் உள்ளே போன பிறகு மொத்த ஜாயின்ட்டும் போகும்.

துருவைப் பொறுத்தவரை இடம்தான் முக்கியம். கதவின் ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், கூரான விளிம்பு இல்லாதவரை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் ஆகியவை உடலோடு சேரும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலமிழந்த துரு இருந்தால் பிரிட்டனில் தோல்வி. அந்த இடத்தில் புட்டி தேய்த்து அண்டர்கோட் அடித்து மறைப்பது வீண் வேலை, தட்டிப் பார்த்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். தகடு வெட்டிச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்வதுதான் வழி.

விளக்கு

தோல்விப் பட்டியலில் விளக்குகள் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பது கொஞ்சம் வெட்கக்கேடு, ஏனென்றால் இதைச் சரிபார்க்கக் கருவியே வேண்டாம். சுவரை நோக்கி ஒருமுறை, சுவருக்கு முதுகு காட்டி ஒருமுறை வண்டியை நிறுத்தி எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தால் போதும். மறக்கப்படுபவை நம்பர் பிளேட் பல்பும் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டும். இண்டிகேட்டர் திடீரென்று வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை என்பதுதான் அனுமதிக்கும் வேகம். பிரேக் அழுத்தும்போது பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றி மாற்றிப் போடாதீர்கள்: ஹோல்டரின் எர்த் இணைப்பு பூத்துப்போயிருக்கும், உப்புக் காகிதத்தால் தேய்த்தால் சரியாகும்.

ஹெட்லைட்டில் வெளிச்சத்தைவிடக் கோணத்தைத்தான் கவனிப்பார்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு தூரம் போகப் போகத் தாழ வேண்டும். தாழ்வு 1 சதவீதம் என்றால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். பிரிட்டனில் சாதாரண உயர விளக்குக்கு 0.5 முதல் 2 சதவீதம் வரை ஏற்பார்கள். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளி விளிம்பு அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். அதற்குமுன் டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலி செய்து, விளக்கு உயரத்தை மாற்றும் திருகைச் சுழியத்தில் வைக்க வேண்டும். டிக்கியில் 80 கிலோ சாமான் இருந்தால் முன் பக்கம் மேலே தூக்கி அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

ஹாலஜன் விளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டியவர்கள்தான் இந்தக் கட்டத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளேயிருக்கும் கிண்ணக் கண்ணாடி, ஒரு மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லு அதே இடத்தில் இருப்பதில்லை. ஒளி சிதறும், விளிம்பு தெளிவாக விழாது, கருவியால் கோணத்தை எடுக்கவே முடியாது. பழைய பல்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு போகலாம். ஆய்வு முடிந்ததும் திரும்ப எல்.இ.டி. போடுவது எதிரே வருகிறவருக்குச் செய்யும் கெடுதல்.

புகை

குளிர்ந்த எஞ்சினோடு போவதுதான் பெட்ரோல் வண்டிக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாகக் கேட்டலிஸ்ட்) சூடேறினால்தான் வேலை செய்யும். கடைசி இருபது நிமிடம் நெரிசலில் ஊர்ந்து வராமல் கொஞ்சம் வேகமாக ஓட்டி வாருங்கள், வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்காதீர்கள். ஐரோப்பிய அளவுப்படி நவீன பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடு ஐடிலில் 0.3 சதவீதம், எஞ்சினை உயர்த்திப் பிடிக்கும்போது 0.2 சதவீதம். கூடவே லாம்டா என்ற காற்று-எரிபொருள் அளவு 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பெரிய செலவு தவிரும். கார்பன் மோனாக்சைடு 0.1, லாம்டா 1.06 என்று தாளில் வந்தால் கேட்டலிஸ்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. சைலன்சர் குழாயின் மூட்டில் கசிவு இருக்கிறதா, இன்டேக் பக்க ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று தேடுங்கள். மாறாகக் கார்பன் மோனாக்சைடு ஏறி லாம்டா 0.97க்குக் கீழே போனால் எரிபொருள் அதிகம் போகிறது: ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் வெப்ப சென்சார், கசியும் இன்ஜெக்டர். லாம்டா சரியாக 1இல் நின்று கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால், அப்போதுதான் கேட்டலிஸ்ட்மேல் சந்தேகப்பட வேண்டும்.

டீசலில் எஞ்சினை உச்ச வேகத்துக்கு விரட்டிப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் ஆய்வுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், அந்த விரட்டலில் பெல்ட் அறுந்தால் எஞ்சினே போகும். ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும், ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டாம்.

டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறதென்று முந்தைய நாள் ஸ்கேனர் போட்டு, வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வருவது பலிக்காத தந்திரம். குறியீட்டை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தக் கணினி தானே செய்துவைத்த தற்சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழியும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆய்வே அந்தத் தற்சோதனைகளைப் படிப்பதுதான். 2001 முதலான மாடல்களில் ஒன்றுக்குமேல் முடியாமலிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவை நிறைவேறச் சில நாள் கலப்பான ஓட்டம் தேவை: காலையில் குளிர்ந்த ஸ்டார்ட், நெடுஞ்சாலையில் ஒரே வேகம், நகர நெரிசல். டேங்க் முழுதாகவோ காலியாகவோ இருந்தால் எரிபொருள் ஆவிச் சோதனை ஓடவே ஓடாது, பாதியளவு வைத்திருங்கள்.

மற்றவை

டயர் கோடுகளின் ஆழம் பல நாடுகளிலும் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்று குறித்த இடத்துக்கு நேராக, கோட்டின் அடியில் சிறு ரப்பர் மேடு இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துவையுங்கள், வெளியே பார்த்தால் புதிதாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரிய நிற்பதுண்டு. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து வெட்டு, நைந்த ஓரம் இருக்கிறதா பாருங்கள். வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணீர், ஹாரன், கண்ணாடிகள் எல்லாம் பத்து நிமிட வேலை. ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் சாவி திருப்பியதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் தோல்விதான், பல்பைக் கழற்றி ஏமாற்றுகிறவர்களை அவர்கள் பார்க்காதவர்கள் இல்லை.

ஆய்வே தொடங்காமல் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளும் உண்டு: சேசிஸ் எண் படிக்க முடியாதபடி துரு, அடியெல்லாம் சேறு, டிக்கி நிறைய சாமான், சோதனையை முடிக்கப் போதாத எரிபொருள். பதிவுத் தாளில் இல்லாத மாற்றம் செய்திருந்தால் அதற்கான ஒப்புதலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காஸ் கிட் பொருத்திய வண்டிக்கு சிலிண்டர் அழுத்தச் சோதனைச் சான்று தனி, இந்தியாவில் சி.என்.ஜி. சிலிண்டருக்கு அது 3 ஆண்டுக்கு ஒருமுறை.

தோற்றால்

ஐரோப்பாவில் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிரிட்டனும் 2018 மே மாதத்திலிருந்து இதையே பின்பற்றுகிறது. சிறுகுறை இருந்தாலும் வண்டி தேறும். பெருங்குறைக்கு மறு ஆய்வு. பிரிட்டனில் ஆபத்தான குறை என்று எழுதினால் அதைச் சரிசெய்யாமல் அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டிச் செல்லவே கூடாது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும், முந்தைய சான்றில் நாட்கள் மிச்சமிருந்தாலும் சரி. மறு ஆய்வுக்கான அவகாசத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அது ஒரு மாதம். பிரிட்டனில் 10 வேலை நாட்களுக்குள் அதே இடத்துக்குத் திரும்பினால் தவறியவற்றை மட்டும் பார்ப்பார்கள், தாண்டினால் முதலிலிருந்து முழு ஆய்வு.

பழுதை ஆய்வு நடந்த இடத்திலேயே நீக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளில் எழுதிய அளவுகளோடு உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். "பிரேக் போச்சு" என்று சொல்வதற்கும் "முன் வலது 150, முன் இடது 240, வலது முள் தாமதமாக ஏறியது" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேறிய வண்டியின் தாளிலும் சிறுகுறைப் பகுதியைப் படித்துவிட்டு மடியுங்கள். டயர் எல்லையை நெருங்குகிறது, பின் புஷ் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அங்கே எழுதியிருப்பது அடுத்த ஆய்வுக்கான வேலைப்பட்டியல். பதிவு எண், சேசிஸ் எண், கிலோமீட்டர் மூன்றும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்குமுன் பார்த்துவிடுங்கள். கிலோமீட்டரில் ஓர் இலக்கம் கூடுதலாக விழுந்துவிட்டால், வண்டியை விற்கும்போது மீட்டரைத் திருப்பினீர்களா என்று கேட்பார்கள். அன்றே சொன்னால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள், மாதம் கழித்துப் போனால் மனு எழுதித் தர வேண்டியிருக்கும்.